கடைத்தெருவில் ரோஜா, வீட்டில் ரோசம்மாள்

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஆறேழு வருஷம் அவளை எல்லோரும் ரோஜா என்றுதான் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரோசம்மாள். அந்தப் பெயர் ஊருக்கு வெளியே இருந்த காலனிக்குத் தெரியும், மாதா கோயில் உபதேசியாருக்குத் தெரியும். கடைத்தெருவில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அவள் தைத்துக்கொண்டிருந்த கடையின் சொந்தக்காரரான வீரராகவன் அவர்.

ரோசம்மாள் பிறந்தது ஆரணி ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துச் சேரியில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா முத்தம்மா நாற்று நடவும் களை எடுக்கவும் போய் மகளை வளர்த்தாள். பக்கத்து ஊர்க் கன்னியர் மடத்தில் தையல் வகுப்பு நடத்தினார்கள். முத்தம்மா மகளைக் கொண்டுபோய் அங்கே விட்டாள். "சேத்துல என் காலு அழுவுனது போதும், உன் காலு மிஷின மிதிக்கட்டும்" என்று சொன்னாளாம். கல்யாணத்துக்கு அந்த மடத்துச் சிஸ்டர்களே ஒரு பழைய தையல் மிஷினைக் கொடுத்தார்கள்.

புருஷன் ஜெயராஜ் அப்போது புதிதாக வந்த ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தான். உலையிலிருந்து வரும் பழுத்த கம்பியை இழுப்பவர்களுக்குக் கித்தான் துணியில் கையுறை வேண்டும். ஆலையில் கொடுத்தது சீக்கிரம் கிழிந்தது. ரோசம்மாள் புருஷனுக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்கள். ஆலைக்குச் சாமான் சப்ளை செய்துகொண்டிருந்த வீரராகவன் கண்ணில் அந்தக் கையுறை பட்டது. யார் தைத்தது என்று விசாரித்துக்கொண்டு காலனி முனைவரைக்கும் வந்து, உள்ளே வராமல், ஜெயராஜையும் அவளையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கட ஒண்ணு சும்மா கெடக்குது. லேடீஸ் டெய்லருன்னு இந்த ஊர்ல ஒருத்தரும் இல்ல. ஆம்பள டெய்லருகிட்ட அளவு குடுக்கக் கூச்சப்பட்டுக்கினு பொம்பளைங்க மெட்ராஸுக்கு ஓடுறாங்க. நீ வந்து ஒக்காந்தீன்னா நல்லா ஓடும். வர்றதுல எனக்கு ஒரு பங்கு குடு, போதும்" என்றார்.

"நாங்க காலனி ஆளுங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று ரோசம்மாள் கேட்டாள்.

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். கடத்தெருவுக்கு எதுக்கு? ரோசம்மான்னா வேதக்காரங்க பேருன்னு பட்டுனு தெரிஞ்சுடும். ரோஜான்னு போர்டுல எழுதிக்கலாம். அர்த்தம் ஒண்ணுதானே? பொய்கூட கெடையாது."

அவர் போன பிறகு ஜெயராஜ் பொரிந்து தள்ளினான். "பேர மாத்திக்கினுதான் பொழைக்கணுமா? நானும் அதே ஊர்லதான் வேல செய்றேன். அங்க என் பேரு ஜெயராஜுதான்."

"இரும்ப இழுக்க யாரு வேணா வரலாம். ஜாக்கெட்டு தைக்கணும்னா மேல கை வெச்சு அளவெடுக்கணும். ரோசம்மான்னு சொல்லிட்டு இந்தக் கைய நீட்டுனா, வெக்க வுடுவாங்களா?"

அவன் கடைப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். சொன்னபடியே வரவும் இல்லை. வேலை முடிந்து அவளை அழைத்துப்போக வந்தாலும், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டு காத்திருப்பான். அவள் நடந்து கேட்டைத் தாண்டி வந்ததும்தான் பேசுவான்.

எழுபதாம் வருஷம் தை மாதத்தில் 'ரோஜா லேடீஸ் டெய்லர்' திறந்தது. திறப்பு நாளன்று ரோசம்மாள் முதல்முறையாக நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். அவர்கள் காலனியில் பெண்கள் அப்போது பொட்டு வைப்பதில்லை. கிறிஸ்தவர்கள் கட்டும் புறா போட்ட தாலியை ரவிக்கைக்குள்ளே தள்ளிவிட்டுக்கொண்டாள். சொந்த ஊர் எது என்று கேட்டவர்களிடம் பொன்னேரிப் பக்கம் என்றாள். அதற்கு மேல் கேட்டால் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள்.

வீரராகவன் கணக்குப் போட்டது தப்பவில்லை. முதலில் அவர் மனைவி மணியம்மாள் வந்தாள். கொஞ்சம் பருத்த உடம்பு. ரெடிமேடும் சரிப்படாது, ஆண் டெய்லரும் சரிப்படாது. ரோசம்மாள் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அந்தம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். பிறகு மேல்சாதிக்காரர்களின் பெரிய தெருவே வந்தது. கல்யாணப் பெண்கள் வந்தார்கள். தாவணி போட ஆரம்பித்த பெண்களைத் தாய்மார் கூட்டிவந்தார்கள்.

வாடிக்கையாளர்களில் ஹேமாம்புஜம் என்று ஒருத்தி. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்துப் பெண். அவள் கணவருக்கு இங்கே தபால் ஆபீசில் உத்தியோகம். அவள் இரும்பு ஆலை ஆபீசில் டைப்பிஸ்ட். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரு பெண். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சில நாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். "எங்காத்துல என்னை மாட்டுப்பொண்ணுன்னே கூப்பிடறதில்லை ரோஜா, ஆபீஸ்காரின்னுதான் கூப்பிடறா. அமாவாசைக்கு அடுக்களைக்குள்ளே போனாக்கூட ஒரு பார்வை" என்பாள். ரோசம்மாள் கேட்டுக்கொள்வாள். தன் பக்கத்திலிருந்து ஒன்றும் சொல்லமாட்டாள். கடைத்தெருவில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி ஹேமாம்புஜம்தான். அந்தச் சிநேகிதமும் பாதிதான், ஒரு பக்கத்துப் பேச்சு.

இரண்டாவது மிஷின் வந்தது. கடைக்கு மின்விசிறி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் உள்ளூர் மாதா கோயிலுக்குப் போகாமல் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்வந்தாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் காலனிப் பெண்கள் துணி கொண்டுவந்தால், "கடைக்கு வராதீங்க, ஊட்டுல குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவைத்தாள். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது போல இருந்தார்கள். குழந்தை இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. அது இந்தப் பொய்க்குத் தண்டனையோ என்று ஒருநாள் ஜெயராஜிடம் கேட்டாள். "கடவுளுக்கு வேற வேல இல்லியா?" என்று அவன் எரிந்து விழுந்தான். அப்புறம் ரொம்ப நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடை திறந்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன், முத்தம்மா மகளைப் பார்க்க வந்தாள். வீடு பூட்டியிருந்ததால் கேட்டு விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். கூடையில் ஈரச் சாக்கு மூடி, மகளுக்குப் பிடிக்குமென்று ஏரியில் பிடித்த விரால் மீன் கொண்டுவந்திருந்தாள். கடைக்குள்ளே மணியம்மாளுக்கு ரோசம்மாள் கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். முத்தம்மா படி ஏறவில்லை. சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, மின்விசிறியையும், தொங்கவிட்டிருந்த பட்டு ரவிக்கைகளையும், மகளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு ரோஜா இது, உன்னியே பாத்துக்கினு நிக்குது?" என்றாள் மணியம்மாள்.

அளவு நாடா ரோசம்மாளின் விரலில் இருந்தது. "மீன் விக்கிற அம்மா. எங்க ஊர்ப் பக்கம்" என்றாள்.

முத்தம்மாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கூடையைக் கீழே இறக்கிச் சாக்கை விலக்கினாள். "ஏரி வெராலும்மா. உசுரோட இருக்குது பாருங்க. வாங்கிக்கிறீங்களா?"

மணியம்மாள் பேரம் பேசினாள். முத்தம்மாவும் மீன்காரி போலவே விட்டுக்கொடுக்காமல் பேசி, பிறகு குறைத்துக் கொடுத்தாள். ரோசம்மாளின் கை இன்னும் மணியம்மாளின் தோளில் இருந்தது. மணியம்மாள் படி வரைக்கும் போய், காசை முத்தம்மாவின் உள்ளங்கையில் படாமல் உயரத்திலிருந்து போட்டாள். முத்தம்மா அதை முந்தியில் முடிந்துகொண்டு, காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாள் கிராமத்துக்கு ஓடினாள். வீட்டுக்குள் நுழைந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். முத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? மீனு வித்துப் போச்சில்ல, வுடு. ஊட்டுக்கு எடுத்துக்கினு வந்திருந்தா வெயில்ல கெட்டுத்தான் போயிருக்கும்" என்றாள். அதற்கு மேல் அதைப்பற்றி அவள் சாகும்வரை பேசவில்லை. கடைப் பக்கமும் வரவில்லை.

எழுபத்தாறில் முத்தம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஜெயராஜ் போய் அவளைக் காலனி வீட்டுக்கே அழைத்துவந்தான். ரோசம்மாள் காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்து, மார்பில் தைலம் தேய்த்துவிட்டுக் கடைக்குப் போவாள். ஒருநாள் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"போ, போய்க் கடையத் தொற. மூடிக் கெடந்தா ஏன்னு கேப்பாங்க. நீ இன்னா சொல்லுவ?" என்று முத்தம்மா துரத்தினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ரோசம்மாள் கடையில் இருந்த ஒரு பகல் வேளையில், அம்மா போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி கடை வாசலுக்கு ஓடிவந்தாள். காலனிக்காரர்கள் கடைக்கு வரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்துக் கடை வாசலில் நின்று கையை மட்டும் அசைத்தாள். ரோசம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கடையில் இருந்தவர்களிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதுதான் அவள் அந்தக் கடையில் சொன்ன கடைசிப் பொய்.

கிறிஸ்தவர்களின் கல்லறை ஊரின் மறுகோடியில் இருந்தது. காலனிக்காரர்கள் பிணத்தை எப்போதும் ஏரிக்கரை வரப்பு வழியாகத்தான் சுற்றிக்கொண்டு தூக்கிப் போவார்கள். கடைத்தெருவில் அவர்கள் சவம் போனதே இல்லை. அந்த வாரம் ஏரி நிரம்பி வரப்பே தெரியவில்லை. மழை விடும்வரை வைத்திருக்கலாம் என்றார்கள் சிலர். உடம்பு தாங்காது என்றார்கள் சிலர். கடைசியில் உபதேசியார் யேசுதாஸ், "ரோடு அரசாங்கத்துது. ரோட்டு மேலயே போவோம்" என்று முடிவாகச் சொன்னார்.

ஜெயராஜ் மனைவியைத் தனியே அழைத்தான். "நீ கூட வர வேணாம். சின்னப்பொண்ணோட ஸ்டேஷன் பின்னால தண்டவாளத்தப் புடிச்சுக்கினு நேரா கல்லறைக்கு வந்துடு. யாரும் பாக்கமாட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சத்தியமா சொல்லமாட்டேன்."

ரோசம்மாள் பெட்டியில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள். "எங்கம்மா ஒருவாட்டி அந்தத் தெருவுல மீன்காரியாப் போனா. இன்னிக்கு எங்கம்மாவாப் போவட்டும்" என்றாள். ரவிக்கைக்குள் கிடந்த தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள். பெட்டியின் தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள்.

தூறலில் பாட்டுப் பாடிக்கொண்டு அவர்கள் கடைத்தெருவில் நுழைந்தபோது, கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். ரோஜா கடைக்கு நேராக வரும்போது பெரிய தெருப் பையன்கள் ஒரு கட்டை வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துவிட்டார்கள். பாட்டு நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரராகவன் வந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னாம்மா ரோஜா, நீ இங்க இன்னா பண்ற?"

"எங்கம்மா செத்துட்டாங்க. எங்கம்மாவ எடுத்துக்கினு போறோம்."

கூட்டத்தில் சலசலப்பு. மணியம்மாள் வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் வீரராகவனைப் பார்த்து, "இன்னாங்க, ஒங்க கடைதானே? ஒங்க ஊட்டுப் பொம்பளைங்களே குடுத்துத் தச்சாங்களே, தெரியாதா ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

வீரராகவன் ரோசம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு எப்படிங்க தெரியும்? ரோஜான்னு சொன்னா. நெத்தியில பொட்டு வெச்சுக்கினு வந்தா. ஏமாத்திட்டா" என்றார்.

ஜெயராஜ் பாய்ந்து போனான். யேசுதாஸ் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ரோசம்மாள் அம்மாவின் மேல் மழை விழுகிறதே என்று முந்தானையை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். வண்டி நகரவில்லை.

அந்த நேரத்தில் ஆலையில் ஷிப்ட் விட்டது. சைக்கிளில் வந்தவர்கள் ஜெயராஜைப் பார்த்து இறங்கினார்கள். எல்லா சாதிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரோடும் சண்டை போடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். நின்றவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ பெரியவர் அதட்ட, பையன்கள் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். முத்தம்மாவை அவர்கள் கடைத்தெரு வழியாகவே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் கடைக்கு வீரராகவன் பூட்டுப் போட்டிருந்தார். ஆளனுப்பிக் கேட்டதில், சாமானை எடுத்துக்கொள்ள மட்டும் ஒரு காலை வேளை திறந்துவிட்டார். அந்தக் காலையில் துணி கொடுத்தவர்களும் வந்தார்கள். உள்ளே யாரும் வரவில்லை. சிலர் பிள்ளைகளை அனுப்பினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டு ரவிக்கைகளை ஒரு பெண்மணி வாசலிலேயே கீழே வைக்கச் சொல்லி, கொண்டுவந்த செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அந்த ரவிக்கைகளில் கொக்கி வைத்து முடித்ததே முந்தின வாரம்தான்.

கடைசியாக ஹேமாம்புஜம் குடையோடு வந்தாள். அவள் படியேறி உள்ளே வந்தாள். ஆனால் ஸ்டூலில் உட்காரவில்லை.

"எங்காத்துச் சமாசாரம் ஒண்ணு விடாம உன்னண்ட கொட்டியிருக்கேன். நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லியிருந்தா தைக்கக் குடுத்திருப்பீங்களாம்மா?"

ஹேமாம்புஜம் குடையின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியலை" என்றாள். "நெஜமாவே தெரியலை." தன் ரவிக்கையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் தெளிக்கவில்லை. அதற்குப் பிறகு தைக்கவும் வரவில்லை. ரயில்வே கேட்டில் எதிர்ப்பட்டால் நின்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று இருவரும் விசாரித்துக்கொள்வார்கள். வீரராகவன் சொன்ன பொய்யை ரோசம்மாளால் மறந்துவிட முடிந்தது. இந்த 'தெரியலை' தான் நெடுநாள் அவளைத் தூங்கவிடவில்லை.

ஜெயராஜ் கூட்டாளிகளோடு வந்து இரண்டு மிஷினையும் தள்ளுவண்டியில் ஏற்றினான். இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கடைக்குள் வந்தது அன்று ஒருநாள்தான். "பேஜாரு புடிச்ச கட" என்று முணுமுணுத்துக்கொண்டே, மின்விசிறியை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொண்டான்.

காலனி வீட்டின் முன்னறையில் 'ரோசம்மாள் லேடீஸ் டெய்லர்' என்று போர்டு வைத்தாள். பெயரை அவளே எழுதினாள். மாதக்கணக்கில் மிஷின் சும்மா கிடந்தது. காலனியில் வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்குத் துணி எடுப்பவர்கள்தான் அதிகம். முன்பு கடைக்கு வராதே என்று சொல்லப்பட்ட பெண்களில் சிலர் அதை மறக்கவில்லை. "இப்பத்தான் நாங்க கண்ணுக்குத் தெரியிறோமா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கும் தைத்தாள். எழுபத்தெட்டில் இரும்பு ஆலையைச் சில மாதம் மூடிவிட்டார்கள். ஜெயராஜ் வீட்டில் உட்கார்ந்தான். அந்த மாதங்களை லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாய் ஒட்டுப்போட்டுத்தான் தள்ளினார்கள். அந்தத் தையலில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது.

இதற்குள் சின்னப்பொண்ணும் வயல்வேலையை விட்டுவிட்டு ரோசம்மாளோடு சேர்ந்து தைக்கக் கற்றுக்கொண்டாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். அப்போது ஊரில் மருந்தை டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்று புதிதாக வந்தது. வேலைக்கு எடுத்ததெல்லாம் பெண்கள். அவர்களுக்கு மேல்கோட்டு தைக்க ஆள் தேடிக்கொண்டு சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். தையலைப் பார்த்தார், திருப்தி. போகும்போது போர்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பில்லுல இந்தப் பேரு வேணாம்மா. எங்க மொதலாளி ஒரு மாதிரி. பொதுவா ஏதாவது பேரு வெச்சுக்கோங்க. ரெகுலரா ஆர்டர் வரும்."

ரோசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆலை இன்னும் திறக்காததால் ஜெயராஜுக்கு அப்போதும் வேலை இல்லை. சின்னப்பொண்ணு மிஷினை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பேரு என்னால ஆவாதுங்க" என்றாள் ரோசம்மாள் கடைசியில்.

அவர் போனதும் சின்னப்பொண்ணு வெடித்தாள். "பேருலயே ரோசத்த வெச்சுக்கினு இருக்க நீ. உனக்கு ரோசம். எனக்கு ரெண்டு வயிறு கெடக்குது ஊட்டுல. என்னிய ஒரு வார்த்த கேட்டியா? நீ ரோஜாவா இருந்து நல்லா சம்பாரிச்சவ. நான் ஒருநாளும் எதுவாவும் இருந்ததில்லியே!"

ரோசம்மாளுக்கு அவள் கேட்டது நியாயம் என்றே பட்டது. தான் சொன்னதும் தப்பில்லை என்று பட்டது. சின்னப்பொண்ணு அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடமாடினாள். ஆர்டர் மெட்ராஸில் யாருக்கோ போயிற்று.

அங்கிருந்து தைத்து வந்த மேல்கோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. சில பெண்களுக்குத் தோள் தொங்கியது. சிலருக்குப் பொத்தான் எட்டவில்லை. கை நீளமாக இருந்தால் மருந்துப் பொடி ஒட்டுகிறதென்று கம்பெனியில் திட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோசம்மாள் வீட்டுக்கு வந்தபோது, கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் காலனிப் பெண்கள். ஒருத்தி பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து வருகிறவள். இன்னொருத்தி பெரிய தெரு. அவள் மட்டும் உள்ளே வரத் தயங்கினாள். போர்டையும், தெருவையும் பார்த்துவிட்டுக் கோட்டோடு திரும்பிப் போய்விட்டாள். மற்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

ரோசம்மாள் நாடாவை எடுத்து அளவெடுக்க ஆரம்பித்தாள். அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். பிரித்துத் தைக்கிற வேலை. தலைக்கு மேலே குவிந்துவிட்டது. ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை. கோட்டுகளை வைத்துக்கொண்டு அவள் திணறிக்கொண்டிருந்த மத்தியானத்தில், சின்னப்பொண்ணு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே வந்தாள். அவள் முகத்தில் கோபம் தீர்ந்திருக்கவில்லை. குவியலிலிருந்து ஒரு கோட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் தோள் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ரோசம்மாள் அடுத்த மிஷினுக்கு நூல் கோத்து அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.